லெஃப்ட் ஃபீல்டில் உயர்ந்த அந்தக் கை

2012 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்ட் மைதானத்தில், மூன்றாம் பேஸ் பக்கத்து மேல்தளத்தில், என் ஒன்பது வயது மகளுடன் உட்கார்ந்திருந்தேன். அடுத்த சுற்றுக்குப் போவது யார் என்று ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடும் வைல்ட் கார்டு ஆட்டம் பேஸ்பாலில் முதன்முதலாக நடந்தது அன்றுதான். 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எங்கள் பிரேவ்ஸ் அணி 94 ஆட்டங்களை வென்றிருந்தது. எதிரே வந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 88 ஆட்டங்களை வென்றிருந்தது. அந்த ஆறு வெற்றிகளுக்கு ஈடாக எங்களுக்குக் கிடைத்தது, ஆட்டம் எங்கள் ஊரில் நடக்கும் என்பது மட்டுமே. தோற்கிற அணி அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பத்தொன்பது சீசன்களாக பிரேவ்ஸ் சட்டையைத் தவிர வேறெதையும் அணிந்திராத சிப்பர் ஜோன்ஸ், அந்த ஆண்டோடு விடைபெறுவதாக முன்பே அறிவித்திருந்தார். அவருடைய கடைசி ஆட்டமாக அது ஆகிவிடக் கூடாது என்ற வேண்டுதலோடுதான் அரங்கிலிருந்த எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட்; ஹோம் பிளேட்டில் நின்று அடிப்பவர் மூன்று பேஸ்களையும் சுற்றி அங்கேயே திரும்பினால் ஒரு ரன். எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்று பின்தங்கியிருந்தோம். ஒருவர் அவுட், முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் எங்கள் ரன்னர்கள். ஆண்ட்ரெல்டன் சிமன்ஸ் அடித்த பந்து உயரே எழும்பி, பேஸ்களைச் சுற்றிய உள்மைதானமான இன்ஃபீல்டைத் தாண்டி, இடப்பக்க வெளிமைதானமான லெஃப்ட் ஃபீல்டின் புல்வெளிக்கு மேலே போய் இறங்கத் தொடங்கியது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இன்ஃபீல்டரான கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப் பீட் கோஸ்மா பின்பக்கமாகவே ஓடிப் பந்துக்கு அடியில் வந்துவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து லெஃப்ட் ஃபீல்டர் மேட் ஹாலிடே முன்னே வந்தார். கடைசிக் கணத்தில், ஹாலிடே பிடிப்பார் என்று எண்ணி கோஸ்மா விலக, பந்து இருவருக்கும் நடுவில் புல்லில் விழுந்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினோம். மூன்று பேஸிலும் ஆட்கள், ஒரே ஒரு அவுட், ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் சமன். என் மகளை நாற்காலிமேல் தூக்கி நிறுத்தியிருந்தேன்.

அப்போதுதான் லெஃப்ட் ஃபீல்ட் கோட்டோரம் நின்ற அம்பயரின் வலக்கை மேலே உயர்ந்திருப்பது கண்ணில் பட்டது. பந்து தரையைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் அந்தக் கை உயர்ந்தது என்பதைப் பிறகு ஒளிப்பதிவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இன்ஃபீல்ட் ஃப்ளை என்று அவர் அறிவித்துவிட்டார். ஆகவே பந்து கீழே விழுந்தாலும் அடித்தவர் அவுட். "அப்பா, பந்து கீழேதானே விழுந்தது? அப்புறம் எப்படி அவுட்?" என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இந்த விதியைப் பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. உயரே எழுந்த பந்தைப் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட், ரன்னர்கள் தத்தம் பேஸிலேயே நிற்கலாம். பிடிக்காமல் விட்டால் ரன்னர்கள் ஓடியே தீர வேண்டும். ஆகவே தந்திரக்கார இன்ஃபீல்டர் ஒருவர் கைக்கு வந்த பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு, பேஸை விட்டு நகராமல் நிற்கும் ரன்னர்களில் இருவரை அவுட் ஆக்கிவிட முடியும். அந்த ஏமாற்று வேலையைத் தடுக்கத்தான், இரண்டுக்குக் குறைவான அவுட்டுகள் விழுந்திருந்து, முதலாம் இரண்டாம் பேஸ்களிலாவது ரன்னர்கள் நிற்கும்போது, ஓர் இன்ஃபீல்டர் சாதாரண முயற்சியில் பிடித்துவிடக்கூடிய பந்து எழுந்தால், அம்பயர் உடனே குரல் கொடுத்து அடித்தவரை அவுட் என்று அறிவித்துவிட வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விதி செய்தார்கள். அதாவது இது பேட்டிங் செய்யும் அணியைக் காப்பாற்றப் பிறந்த விதி. அவ்வளவு ஆழத்தில், புல்வெளிக்குள்ளே விழுந்த பந்தை எடுத்து இருவரை அவுட் ஆக்குவது நடைமுறையில் நடக்கிற காரியமே இல்லை. எங்களைக் காப்பாற்ற வேண்டிய விதி எங்கள் கழுத்துக்கே கத்தியாக வந்து நின்றது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விதியின் எழுத்தில் தூரத்துக்கு எல்லை எதுவும் இல்லை. இன்ஃபீல்டர் சாதாரண முயற்சியில் பிடிக்க முடியுமா என்பது மட்டுமே கேள்வி, கோஸ்மா பந்துக்கு அடியில் வந்ததும் உண்மை. எனவே அது அப்பட்டமான தவறு என்று விதிப்புத்தகத்தை வைத்து நிரூபித்துவிட முடியாது. ஆனால் அதே விதிதான் 'உடனே' என்றும் சொல்கிறது. ரன்னர்கள் நிற்பதா ஓடுவதா என்று முடிவெடுப்பதற்காகத்தான் அந்த அறிவிப்பு. பந்து தரையை நெருங்கிய பிறகு உயரும் கை யாருக்கு எதை அறிவிக்கிறது? பதின்மூன்று ஆண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது ஒன்றுதான், இதற்கு ஒழுங்கான பதில் ஒன்றையும் நான் இதுவரை படித்ததில்லை.

அடுத்து நடந்ததை நினைக்கவே பிடிக்கவில்லை. எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து முதலில் ஒரு காகிதக் கோப்பை பறந்தது, பிறகு பிளாஸ்டிக் பாட்டில்கள், பிறகு எல்லாப் பக்கங்களிலிருந்தும் கையில் கிடைத்ததெல்லாம். வீசவேண்டாம் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். பாதி நிரம்பிய பாட்டில் ஒன்று இரண்டு வரிசைக்கு முன்னால் விழுந்து சிதறியபோது, மகளை நாற்காலியிலிருந்து இறக்கி, என் ஜாக்கெட்டை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்தொன்பது நிமிடம் ஆட்டம் நின்றது. அம்பயர்மீது எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தப் பத்தொன்பது நிமிடங்களில் என் ஊர்க்காரர்கள்மீதும் அவ்வளவு கோபம் இருந்தது. மறுநாள் நாடு முழுவதும் பேசப்பட்டது அந்தப் பாட்டில்களைப் பற்றித்தான். எங்கள் முறையீட்டை நாங்களே மண்ணாக்கிவிட்டோம்.

ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது ரன்னர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நகர்ந்திருந்தார்கள், ஆனால் கணக்கில் இரண்டு அவுட். மாற்று பேட்டராக வந்த பிரையன் மக்கான், அடிக்கக்கூடிய இடத்துக்கு வெளியே வந்த நான்கு பந்துகளை ('பால்'களை) விட்டு முதல் பேஸுக்கு நடந்தார். மூன்று பேஸும் நிரம்பின. மைக்கேல் போர்ன் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி (அடிக்கத் தவறிய பந்தும், அடிக்கக்கூடிய இடத்தில் வந்தும் அடிக்காமல் விட்ட பந்தும் ஸ்ட்ரைக்) ஸ்ட்ரைக் அவுட் ஆனார், அத்தோடு அந்த இன்னிங்ஸ் முடிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு சிப்பர் ஜோன்ஸ், மட்டை உடைய அடித்து, நாற்பது வயதுக் காலை இழுத்துக்கொண்டு முதல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அதுதான் அவர் வாழ்க்கையின் கடைசி ஹிட். ஸ்கோர் 6-3 என்றே நின்றுவிட்டது.

அம்பயர் மட்டுமே எங்களைத் தோற்கடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அன்று பிரேவ்ஸ் ஃபீல்டிங்கில் மூன்று பிழைகள் (எரர்கள்) செய்தது. அவற்றில் முதலாவது சிப்பரே தவறாக எறிந்தது, அதிலிருந்துதான் நான்காவது இன்னிங்ஸில் கார்டினல்ஸ் மூன்று ரன்கள் எடுத்தது. இன்னொன்றும் உண்டு, எங்கள் ஊரில் இதைப் பேசுகிறவர்கள் குறைவு. இரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் டேவிட் ராஸ் பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருக்க வேண்டியவர். பிட்சர் எறியத் தொடங்கிய கணத்தில் ராஸ் கேட்ட இடைநிறுத்தத்தை ஹோம் பிளேட் அம்பயர் அனுமதித்திருந்ததால் அந்தப் பந்து கணக்கில் சேரவில்லை. அடுத்த பந்தை ராஸ் வேலிக்கு வெளியே அடித்தார், எங்களுக்கு இரண்டு ரன்கள். கார்டினல்ஸ் ரசிகர் ஒருவர் இதைச் சொல்லிக் காட்டினால், நான் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இருந்தாலும் அந்தக் கை என்னை விடவில்லை. அதற்குக் காரணம், அது என் கணக்கில் முதலாவது அல்ல.

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது 1995-இல். திருச்சியில் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவனுக்கு பேஸ்பால் பிடிபட ஓர் ஆண்டு ஆனது, பிடிபட்டபின் விடவில்லை. எல்.பி.டபிள்யூ. தீர்ப்புகளுக்காக அழுது பழகியவனுக்கு ஸ்ட்ரைக் ஸோன் என்பது உடனே புரிந்துவிட்டது: கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரம், அதன் வழியாகப் பந்து போனதா இல்லையா என்பதை ஒரே ஒரு மனிதர் சொல்கிறார், அவர் சொன்னதுதான் உண்மை. 17 அங்குல அகலப் பிளேட், மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடையாது, இப்படி ஓர் ஆட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பந்துகள். அந்த வேலையின் கடினம் எனக்குத் தெரியாமல் இல்லை.

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், மயாமியில், ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக. நண்பர்கள் நால்வர் வாடகை வீட்டின் தரையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். மார்லின்ஸின் இளம் பிட்சர் லிவான் ஹெர்னாண்டஸ் அன்று 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அந்தத் தொடர்களின் வரலாற்றிலேயே அது சாதனை. இடக்கை பேட்டர்களுக்கு வெளிப்புறமாக, பிளேட்டை விட்டு விலகிப்போகும் பந்துகளெல்லாம் ஸ்ட்ரைக் என்று அறிவிக்கப்பட்டன. ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஃப்ரெட் மெக்கிரிஃப் மட்டையைக்கூட அசைக்கவில்லை, அசைக்க வேண்டிய பந்து அதுவல்ல. ஸ்ட்ரைக் மூன்று என்று கை எழுந்தது. 2-1 என்று தோற்றோம், அடுத்த ஆட்டத்தில் தொடரையும் இழந்தோம்.

இரு அணிகளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானம். எங்கள் கிரெக் மாடக்ஸும் அந்த ஆட்டத்தில் 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினாரே என்றும் கேட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு பிரேவ்ஸ் நம்பியிருந்த மட்டைகளில் பல இடக்கை மட்டைகள்: கென்னி லாஃப்டன், மெக்கிரிஃப், ரையன் கிளெஸ்கோ, மைக்கேல் டக்கர். சதுரத்தை ஒரே ஒரு பக்கம் மட்டும் இழுத்து நீட்டிவிட்டு இருவருக்கும் சமம் என்று சொன்னால், அந்தப் பக்கம் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டாமா? ஒருதலைப்பட்சம் என்று நான் சொல்வது இதைத்தான். யாரோ பணம் வாங்கிக்கொண்டு எங்களைத் தோற்கடித்தார்கள் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. வீட்டு மைதானத்தின் கூச்சலுக்கும், பிட்சரின் பெயருக்கும், அன்றைய ஆட்டத்தின் ஓட்டத்துக்கும் அம்பயரின் கண் தன்னை அறியாமல் சாய்கிறது. மூன்று பால் ஆகி ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லாத நிலையில் ஸ்ட்ரைக் ஸோன் பெருக்கிறது, இரண்டு ஸ்ட்ரைக் ஆகி ஒரு பாலும் இல்லாதபோது சுருங்குகிறது என்பதைக் கேமராக்கள் அளந்தே காட்டிவிட்டன.

பெயருக்குச் சாய்வது என்று எழுதும்போது மனம் கொஞ்சம் உறுத்துகிறது. 1995-இல் நாங்கள் கோப்பை வென்றோம். கடைசி ஆட்டத்தில் டாம் கிளாவின் எட்டு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்தார், கிளீவ்லண்டை 1-0 என்று வீழ்த்தினோம். அந்த ஊரிலிருந்து வந்து என்னோடு வேலை செய்த ஒருவர், கிளாவினும் மாடக்ஸும் முதல் இன்னிங்ஸில் பிளேட்டின் ஓரத்தில் எறிந்து ஸ்ட்ரைக் வாங்குவார்கள், பிறகு அரை அங்குலம் தள்ளி, பிறகு இன்னும் அரை அங்குலம் தள்ளி, ஐந்தாவது இன்னிங்ஸுக்குள் அம்பயரையே வெளியே நகர்த்திவிடுவார்கள் என்று மனக்கசப்போடு சொல்வார். அப்போது அதைத் திறமை என்று வாதிட்டேன். திறமைதான். ஆனால் அதே ஓரத்தை இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் பெற்றபோது அநியாயம் என்று கத்தியவனும் நான்தான். அவர் கட்சியிலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இதைவிடப் பெரிய கடன் ஒன்று எங்களுக்கு உண்டு. 2011 ஜூலை 26 இரவு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் டர்னர் ஃபீல்டில் நடந்த ஆட்டம் 19 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம் ஓடியது. நள்ளிரவு தாண்டி வெகுநேரம் கழித்து, மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்த எங்கள் ஹூலியோ லூகோவை, பிளேட்டுக்கு நன்றாக முன்பாகவே கேட்சர் பந்தோடு தொட்டுவிட்டார். அம்பயர் கைகளை விரித்து ஸேஃப் என்றார். 4-3 என்று வென்றோம். வீட்டில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்க நான் மட்டும் விழித்திருந்து பார்த்தேன். மகிழ்ச்சி வந்தது, மறு ஒளிபரப்பைப் பார்த்ததும் பாதியிலேயே வடிந்தும் போனது. தொட்டது தெளிவாகத் தெரிந்தது.

மறுநாளே அது தவறான தீர்ப்பு என்று லீக் தரப்பிலிருந்து வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள், அந்த அம்பயரும் ஒப்புக்கொண்டார். அதற்கும் ஓர் ஆண்டு முன்பு, 2010 ஜூன் 2 அன்று, டெட்ராய்ட்டில் ஆர்மாண்டோ கலராகா 26 பேட்டர்களை வரிசையாக அவுட் ஆக்கி, 27-ஆவது பேட்டரையும் அவுட் ஆக்கியபோது, முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ஸேஃப் என்று சொல்லி, ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத அந்தப் 'பெர்ஃபெக்ட் கேமை'க் கெடுத்துவிட்டார். ஒளிப்பதிவைப் பார்த்ததும் தன் தவறு என்று அவரே சொன்னார், கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க வந்த அவரிடம், அணிப் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த நானும் துடைத்துக்கொண்டேன். போன சாதனை திரும்பி வரவில்லை, ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் ஜாய்ஸை வெறுக்கவில்லை.

என் ஆதங்கத்தின் நடு இடம் இதுதான். பைரேட்ஸ் ரசிகர்களுக்கு மறுநாள் காலையிலேயே ஒரு சொல் கிடைத்தது. டெட்ராய்ட்காரர்களுக்கு அன்றிரவே கிடைத்தது. எங்களுக்கு 1997-இலும் கிடைக்கவில்லை, 2012-இலும் கிடைக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் மேனேஜர் ஆட்டத்தை ஆட்சேபத்தோடு ஆடுவதாக முறைப்படி பதிவு செய்தார். அன்றே அது நிராகரிக்கப்பட்டது. அம்பயரின் கணிப்பைச் சார்ந்த முடிவு என்பதால் ஆட்சேபத்துக்கு இடமில்லையாம். கணிப்பு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எதையும் போட்டுப் பூட்டிவிடலாம். அன்று ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் முறை ஹோம் ரன்களுக்கு மட்டுமே இருந்தது. மற்றவற்றுக்கு அது விரிந்தது 2014-இல்தான். கை கொஞ்சம் தாமதமாகத்தான் உயர்ந்தது என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூட, இத்தனை ஆண்டுகளில் நான் இதை மறந்திருப்பேன் என்றே தோன்றுகிறது.

2025 ஜூலை 15 அன்று, இரு லீக்குகளின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் அட்லாண்டாவின் புதிய மைதானமான ட்ரூயிஸ்ட் பார்க்கில் நடந்தது. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வீட்டுக் கூடத்தில் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் இன்னிங்ஸில் தாரிக் ஸ்கூபல் எறிந்த பந்தை மேனி மச்சாடோ அடிக்காமல் விட்டார். அம்பயர் பால் என்றார். கேட்சர் கால் ராலே உடனே, தீர்ப்பை எதிர்த்து முறையிடும் சைகையாக, தலையைத் தட்டிக் காட்டினார். சில நொடிகளில் திரையில் ஒரு சதுரம் தோன்றியது, பந்து அதன் ஓரத்தைத் தொட்டுச் சென்றது, ஸ்ட்ரைக் மூன்று என்று தீர்ப்பு மாறியது, மச்சாடோ திரும்பி நடந்தார். வாக்குவாதம் இல்லை, யாருக்கும் அவமானம் இல்லை. 2026 சீசன் முதல் லீக் ஆட்டங்களிலும் இந்த முறைதான்; ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகள், சரியாக இருந்தால் முறையீடு கையிலேயே இருக்கும். கேட்கும் உரிமை பிட்சர், கேட்சர், பேட்டர் மூவருக்கு மட்டுமே.

"அன்னைக்கு இது இருந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போமா அப்பா?" என்று மகள் கேட்டாள். அவள் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இது ஸ்ட்ரைக், பால் இரண்டுக்கும் மட்டும்தான் அம்மா, லெஃப்ட் ஃபீல்டில் உயரும் கைக்கு இதில் ஒன்றுமில்லை என்றேன். ஆனால் அவள் பிறப்பதற்கு முன்பு நடந்த ஓர் ஆட்டத்துக்கு இது உதவியிருக்கும் என்று சொல்லி, மேசையில் கிடந்த மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் ஹோம் பிளேட்டை வரைந்தேன், மெக்கிரிஃப் நின்ற இடத்தைக் குறித்தேன். பிறகு அந்தக் கடைசிப் பந்து போன இடத்தில் புள்ளி வைக்கப் போனபோது, பேனா உறையின் விளிம்பைத் தாண்டி மேசைக்கு வந்துவிட்டது.